சிங்கப்பூர்ப் பெட்டிகளும் பத்து ராகங்களும்

1982இல் பம்பாய் ஸ்டுடியோக்களில் டிஸ்கோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓர் இசைக்கலைஞர் அடுப்பு மூட்டியிருக்க முடியாது. 1980இல் வந்த ‘குர்பானி’ படத்தில் நாசியா ஹசன் பாடிய ஒரே ஒரு பாட்டு கிளப்பிவிட்ட ஜுரம் அது. மறுவருடம் அதே பெண்ணின் ‘டிஸ்கோ தீவானே’ ஆல்பம். 82 முடியும் நேரத்தில் மிதுன் சக்கரவர்த்தியின் ‘டிஸ்கோ டான்ஸர்’. காதல், சோகம், சவால் எல்லாவற்றுக்கும் ஒரே தாளம். வயலின் வரிசை, டிரம்பெட், கோரஸ், நடுவில் ‘தும் தும் தும் தும்’ என்று நான்கு சம அடிகள்.

அந்த ஸ்டுடியோக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சரண்ஜித் சிங். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஷங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என்று பெரிய இசையமைப்பாளர்கள் பலருடைய வாத்தியக் குழுவிலும் இருந்தவர். படத்தின் டைட்டிலில் இவர்கள் பெயர் வராது. மீதி நேரத்தில் சொந்த ஆர்கெஸ்ட்ரா வைத்துக் கல்யாண வீடுகளில் அந்த வருடத்து ஹிட் பாடல்களை வாசிப்பார். அதே ஹிட் பாடல்களைப் பாட்டுக் குரல் இல்லாமல், வாத்தியத்தில் மட்டும் வாசித்து எச்.எம்.வி.க்குத் தட்டுகளும் போட்டுக் கொடுப்பார். ஹோட்டல் வரவேற்பறையிலும் விருந்து நேரத்திலும் ஓடுகிற ரகம். தேர்ச்சியான கை, நேரத்துக்கு வந்து நேரத்துக்கு முடிக்கிற ஒழுங்கு. இவ்வளவுதான் அவரிடம் யாரும் எதிர்பார்த்தது.

அவர் சிங்கப்பூர் போனபோது மூன்று பெட்டிகளை வாங்கி வந்தார். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரிப்பு. வெளிநாட்டு எலெக்ட்ரானிக் சாமானுக்கு இங்கே வரி தீட்டிய காலம் அது. சிங்கப்பூர்ப் பெட்டிக்கு இருந்த மவுசை பர்மா பஜார் சுற்றியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முதலாவது ஜூபிடர்-8, விரல்களுக்கு வேலை தரும் பெரிய சின்தசைசர். இரண்டாவது டி.ஆர்.-808, தாளப் பெட்டி. மூன்றாவது டி.பி.-303, வெள்ளி நிறத்தில் மடியில் அடங்கும் சின்னப் பெட்டி, பேஸ் ஒலிக்கு மட்டும்.

இந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையின் பாதி அதற்குள்தான் இருக்கிறது. 808இன் டிரம் நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்பதுதான் அன்று அதன்மேல் இருந்த பெரிய புகார். ஆனால் அதே 82இல் அமெரிக்காவில் மார்வின் கேயின் ‘செக்ஷுவல் ஹீலிங்’ பாட்டிலும், ஆப்பிரிக்கா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ பாட்டிலும் அது ஒலித்தது. 303இன் விதி இன்னும் மோசம். ரோலண்டின் தடாவோ கிக்குமோட்டோ அதை வடிவமைத்தது, தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்க்காரருக்கு பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க. அந்தக் குறையை அது தீர்க்கவில்லை. நிஜ பேஸ் கிதாருக்கும் அதன் ஒலிக்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஒரு வரியை ஏற்றுவதும் தனி இம்சை. பதினாறு இடங்கள் கொண்ட ஒரு சுற்று. முதலில் சுரங்களை மட்டும் வரிசையாக அழுத்த வேண்டும். பிறகு வேறொரு நிலைக்குப் போய், எந்த இடத்தில் சுரம் விழும், எங்கே நீளும், எங்கே மௌனம் என்று காலத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். அதற்கும் பிறகு எந்தச் சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்க வேண்டும், எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று குறிக்க வேண்டும். நடுவில் கை தவறினால் என்ன வரும் என்று பெட்டிக்கே தெரியாது. 1981இல் வெளிவந்த 303, 1984க்குள் உற்பத்தி நின்று போனது. விற்றது பத்தாயிரம் வாக்கில்.

சரண்ஜித் சிங் மூன்றையும் ஒயர் போட்டு இணைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓடின. தாளமும் பேஸும் தானாகச் சுற்றிவர, இரண்டு கையும் ஜூபிடருக்கு மிச்சம். பிற்காலப் பேட்டிகளில் அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: படங்களில் எல்லாம் டிஸ்கோ வந்துகொண்டிருந்தது, டிஸ்கோ அடியை மட்டும் வைத்துக்கொண்டு, தபலாவை எடுத்துவிட்டு, ராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியது. செய்து பார்த்தார். இரண்டே நாளில் பத்து ராகங்களையும் ரெக்கார்டிங் செய்து முடித்துவிட்டார். தட்டின் பெயர் ‘சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. எச்.எம்.வி. வெளியிட்டது. விற்கவில்லை.

ஏன் விற்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டிஸ்கோ கேட்க வந்தவனுக்கு அதில் பாட்டு இல்லை. பல்லவி இல்லை, சரணம் இல்லை, கோரஸில் பெண்கள் இல்லை, ஆடிக்கொண்டே முணுமுணுக்க ஒரு வரி இல்லை. ராகம் கேட்க வந்தவருக்கோ இது பெரிய அபசாரம். ஆலாபனை இல்லை, தம்பூரா இல்லை. அதிகாலையில் பாட வேண்டிய லலித்தும் மாலையில் பாட வேண்டிய யமனும் ஒரே தட்டில், ஒரே தாளத்தில். போதாக்குறைக்கு முதல் ராகமான பைரவியில் இயந்திரக் குரல் ஒன்று சிவ மந்திரம் முணுமுணுக்கும். கடைக்காரர் இந்தத் தட்டை எந்த அடுக்கில் வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே கேசட் அலையும் வந்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் தட்டு வியாபாரமே படுத்துவிட்டது. கேசட்டாக மறுபடி பிறக்கும் அளவுக்கு இதைத் தேடிக் கேட்டவர்கள் யாருமில்லை. சிங் கல்யாண வீடுகளுக்குத் திரும்பிவிட்டார்.

இதற்கிடையில் அந்த 303 என்ன ஆனது என்று பார்ப்போம். அமெரிக்காவில் புதிதாக 400 டாலர் வாக்கில் விற்றது, யாரும் சீந்தாமல் பழைய சாமான் கடைக்குப் போய்ச் சொற்ப விலைக்குக் கிடந்தது. சிகாகோவில் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் அதை வாங்கினார்கள். ‘ஃப்யூச்சர்’ என்ற குழுவின் டிஜே பியர், அது தப்பும் தவறுமாக ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சுற்றை நிறுத்தாமல், மேலே இருந்த திருகுகளை மட்டும் திருகிக்கொண்டே போனார். ஒலி கீச்சிட்டது, குழைந்தது, குமிழியிட்டது. பன்னிரண்டு நிமிடம் அதையே பதிவு செய்தார்கள். 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று தட்டாக வந்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயரே அதிலிருந்துதான் பரவியது. அடுத்த வருடம் இங்கிலாந்தே அதற்கு ஆடியது. பத்திரிகைகள் பதறின, போலீஸ் விரட்டியது, பிள்ளைகள் வயல்வெளிக்குப் போய் ஆடினார்கள்.

‘ஆசிட் டிராக்ஸ்’ வந்தபோதே பம்பாய்த் தட்டு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சிகாகோவில் அதை யாரும் கேட்டதில்லை. சிங்கும் சிகாகோவைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

2002இல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் பழைய இந்திப் படத் தட்டுகளைத் தேடி டெல்லிக்கு வந்தார். கையோடு சின்ன ரெக்கார்டு பிளேயரும் கொண்டுவந்திருந்தார். சிங்கின் பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகளை ஏற்கெனவே அறிந்தவர் என்பதால், பெயரைப் பார்த்து இந்தத் தட்டையும் வாங்கினார். அறைக்குப் போய் முள்ளை வைத்தால் ஆசிட் ஹவுஸ். பின்பக்கம் பார்த்தால் 1982. பிறகு மும்பையில் சிங்கின் வீட்டைத் தேடிப் பிடித்தார். ‘பாம்பே கனெக்ஷன்’ என்ற தன் சிறு கம்பெனியில் 2010இல் அந்தத் தட்டை மறுபடி அச்சிட்டார். அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இது நிஜமாகவே 82இல் வந்திருக்க முடியாது, ஏபெக்ஸ் ட்வின் போன்ற யாரோ ஒரு பிரிட்டிஷ் குறும்பன் இந்தியப் பெயர் வைத்துச் செய்த ஏமாற்று வேலை என்று இசைப் பித்தர்களுக்கு நடுவே ஒரு வதந்தி உலாவியது. ஆள் உயிரோடு மும்பையில் இருக்கிறார் என்பதே பலருக்குப் பெரிய செய்தியாகிவிட்டது.

பிறகு பத்திரிகைகள் ஒரே குரலில் எழுதின: ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். நமக்கும் அதில் ஒரு பெருமை. விமானம், பூஜ்ஜியம் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளத் துடித்தவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பட்டம் ஒப்புவதில்லை. கண்டுபிடித்தவர் என்றால் அவரிடமிருந்து யாராவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். தவிர, 303ஐ அப்போது கையில் எடுத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் ‘ஆரஞ்ச் ஜூஸ்’ குழுவின் ‘ரிப் இட் அப்’ பாட்டில் அது ஒலித்தது. 1983இல் இத்தாலியில் அலெக்சாண்டர் ரோபாட்னிக் ஒரு முழு டிஸ்கோ பாட்டையே அதன்மேல் கட்டினார். சிகாகோ இளைஞர்கள் செய்தது திருகைத் திருகும் வித்தை. அந்த ஒலியின் போதையே அங்கேதான் இருக்கிறது. சிங் செய்தது வேறு. அவர் அந்தப் பெட்டியில் சுரம் எழுதினார். முந்தியவர் யார் என்ற பந்தயத்தில் இந்தத் தட்டை ஓடவிட்டால் அது மூச்சு வாங்கித் தோற்கும். பந்தயத்தை விட்டு வெளியே கூட்டிவந்து கேட்டால்தான் அதன் அழகு தெரியும்.

கர்நாடக சங்கீதம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பூபாலி மோகனம். யமன் ஏறக்குறைய கல்யாணி. கலாவதி வலஜி. பைராகி ரேவதி. மேக் மல்ஹாருக்கு நம் மத்யமாவதி உறவு. மதுவந்தி தர்மவதி வழி வந்தது. தோடி என்ற பெயரைக் கண்டு நம் தோடியை எதிர்பார்க்க வேண்டாம், அது சுபபந்துவராளி. பைரவியும் நம் பைரவி அல்ல, சிந்துபைரவிக்கு அருகில். லலித்துக்கு மட்டும் சரியான ஜோடி கிடையாது: பஞ்சமம் இல்லாமல், இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வரும் ராகம், நம் லலிதாவில் ஒரு மத்யமம்தான். இந்தப் பத்தையும் பெயர் பார்க்காமல் கேட்டு, எது எது என்று சொல்லிப் பார்ப்பது நல்ல விளையாட்டு. ஹிந்தோளம் இரண்டு நொடியில் பிடிபடும்.

அந்த மால்கௌன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத ஐந்து சுரங்கள். 303 அதிலிருந்து சில சுரங்களைப் பொறுக்கி எடுத்து, ஒரு சின்னச் சுற்றாக விடாமல் சுழற்றுகிறது. சில இடங்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்குகிறது. பாடகர் மனம்போல இழுக்கும் ‘மீண்ட்’ என்ற குழைவு அல்ல அது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அளவில் வழுக்கும். மேலே ஜூபிடரில் சிங்கின் வலது கை ராகத்தை வாசிக்கிறது, சுரத்தை வளைக்கிறது, இழுக்கிறது, சில நேரம் சிதார் தந்தியின் நெளிவைத் தொடுகிறது. கீழே இயந்திரம் அசையாமல் நிற்பதால் மேலே கை செய்யும் சின்ன நெளிவும் துல்லியமாகக் கேட்கிறது. குறையும் இருக்கிறது, மறைப்பானேன். கீபோர்டின் சம அளவு சுரங்களில் கமகத்தின் நுட்பம் பாதி போய்விடும். சில ராகங்களில் அவர் ஆரோகண அவரோகணத்தை வேகமாக ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். கச்சேரி எதிர்பார்த்துப் போனால் பசியோடு திரும்புவோம்.

ஆனாலும் இது ஏன் நாற்பது வருடம் கழித்தும் பழசாகவில்லை? 82இல் வந்த வேறு எந்த இந்திய டிஸ்கோவையும் இன்று போட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகுதான் பாசம். இதைப் போட்டால் சிரிப்பு வருவதில்லை. என் பதில் இது. அன்றைய டிஸ்கோ என்பது நான்கு அடித் தாளத்தின் மேல் மேற்கத்திய கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கொத்துகளை, அடுக்கி, அவை மாறி மாறி நகர்வதால் உண்டாகும் கிளர்ச்சி. சிங் அந்தக் கார்டு மாற்றத்தை அப்படியே தூக்கிவிட்டார். அவருக்கு அது புரட்சியாகத் தோன்றியிருக்காது. ராகத்தில் கார்டு ஏது? ஒரே ஷட்ஜத்தில் நின்றுகொண்டு, ஒரே சுரக்கூட்டத்துக்குள் எத்தனை நேரமானாலும் சுற்றலாம் என்பது நமக்கு அடிப்படைப் பாடம். ஹவுஸ், டெக்னோ எல்லாம் பின்னாளில் வேறு வழியில் வந்து சேர்ந்ததும் அதே இடத்துக்குத்தான்: மாறாத அடி, மாறாத சுற்று, ஒலியின் நிறத்தில் மட்டும் மெல்ல மெல்ல நகர்வு. கார்டை எதிர்பார்க்காத காது இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. விடாத இயந்திர அடியை மணிக்கணக்கில் தாங்கி ரசிக்கும் காது இல்லை. அந்தக் காது 87க்குப் பிறகு மேற்கில் இரவு விடுதிகளில் வளர்ந்தது. 1982இல் இந்தத் தட்டைக் கேட்க இரண்டு பாதிக் காதுகள் இரண்டு கண்டங்களில் தனித்தனியாக இருந்தன. 2010இல் இரண்டும் ஒரே தலையில் இருந்தன, இங்கேயும் அங்கேயும்.

இங்கேயும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தியது நம் ஊரில் பேச்சானது. அதன்பின் சின்தசைசரும் நிரல்படுத்திய தாளமும் நம் சினிமாக் காதுக்குப் பழகிவிட்டன. 2007இல் கோவாவில் தொடங்கிய ‘சன்பர்ன்’ போன்ற விழாக்களில் இந்தியப் பிள்ளைகளே கூட்டம் கூட்டமாக இதே நான்கு அடிக்கு ஆடுகிறார்கள். அவர்களிடம் இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினால் விளக்க வேண்டியது எதுவுமில்லை. ராகத்தின் பெயர் மட்டும் சொன்னால் போதும், அதுவும் தேவைப்பட்டால்.

பெட்டிகளின் விலையிலும் அன்றும் இன்றும் தலைகீழ். பழைய சாமான் கடையில் கிடந்த அசல் 303க்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். ரோலண்டே 2016இல் அதன் சின்ன மறுபதிப்பை டி.பி.-03 என்று கொண்டுவந்தது. பெரிங்கர் கம்பெனி டி.டி.-3 என்று மலிவு நகல் ஒன்றை விற்கிறது. கைபேசியில் இலவசச் செயலியாகவும் அதே ஒலி கிடைக்கிறது. சிங் ஒயர் போட்டு இணைத்த மூன்று பெட்டிகளின் வேலையைக் கல்லூரிப் பையன் பஸ்ஸில் உட்கார்ந்து விரலால் செய்துவிடலாம். அந்த வசதியால் ‘ராகா ஹவுஸ்’, ‘ராகா டெக்னோ’ என்று இன்று குவியும் துண்டுகளில் பெரும்பாலானவை எனக்கு அலுப்பூட்டுகின்றன. யாரோ வாசித்த சிதாரை வெட்டி எடுத்து, தாளத்தின் மேல் ஒட்டுகிறார்கள். ராகம் ஒரு வாசனைத் திரவியமாகத் தெளிக்கப்படுகிறது. சிங்கின் தட்டில் பேஸ் வரியே ராகத்துக்குள் இருக்கிறது. திரைப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் பல வருடம் வாசித்துப் பழகினாலொழிய அது அவ்வளவு சுலபத்தில் கைக்கு வராது.

எழுபது வயதுக்கு மேல் அவரை ஐரோப்பா மேடைக்குக் கூப்பிட்டது. நெதர்லாந்துக்காரர் யோஹான்ஸ் வெஸ்டர்மன் உடன் நின்று இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள, சிங் கீபோர்டு முன் உட்கார்ந்து அதே ராகங்களை வாசித்தார். எதிரே ஆடியவர்களில் பலர் தட்டு வந்த வருடத்தில் பிறந்தேயிருக்க மாட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்றால் என்ன என்று தனக்குத் தெரியாது என்பதை அவர் எந்தப் பேட்டியிலும் மறைக்கவில்லை. தான் செய்ததிலேயே சிறந்தது இந்தத் தட்டுதான் என்றும் சொன்னார். மற்றதெல்லாம் அடுத்தவர் போட்ட சினிமா மெட்டு, இது ஒன்றுதான் சொந்தமாகச் செய்தது என்பது அவர் கணக்கு. 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இப்படித் தாமதமாகக் கதவு திறந்தது அவருக்கு மட்டும் அல்ல. கனடாவின் கால்கரியில் ரூபா பிஸ்வாஸ் என்ற வங்காளப் பெண் பாடி அதே 1982இல் வெளிவந்த ‘டிஸ்கோ ஜாஸ்’ என்ற தட்டும் கவனிப்பாரற்றுப் போய், பல வருடம் கழித்து உலகம் சுற்றியது, 2019இல் சிகாகோவின் நூமரோ குரூப் அதை மறுபடி வெளியிட்டது. இரண்டையும் தூசி தட்டி எடுத்தவர்கள் வெளிநாட்டுத் தட்டுச் சேகரிப்பாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எச்.எம்.வி.யின் களஞ்சியம் இன்று சரிகமா என்ற பெயரில் இருக்கிறது. அதன் அலமாரியிலிருந்து இந்தத் தட்டு தானாக எழுந்து வரவில்லை, டெல்லிக் கடையிலிருந்து நெதர்லாந்து வழியாகத்தான் வந்தது.

இதில் ஒரு மனக்குறை எனக்குண்டு. சரண்ஜித் சிங் சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்துப் போட்ட தட்டுகள் ஏராளம். அவற்றிலும் ஸ்டீல் கிதார், ஆர்கன், சின்தசைசர் என்று அவர் கை செய்த சேட்டைகள் இருக்கின்றன, ஆர்.டி. பர்மன் மெட்டுகளை அவர் உடைத்துச் சேர்க்கும் விதம் தனியாகக் கேட்க வேண்டியது. பௌமன் அவர் பெயரைத் தெரிந்துகொண்டதே அந்தத் தட்டுகளால்தான். அவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவர இத்தனை பேர் வரிசையில் நிற்கவில்லை. அவற்றில் 303 இல்லை, சிகாகோவோடு ஒப்பிட ஒன்றுமில்லை, தலைப்புச் செய்தி கிடைக்காது. பழைய தட்டு விற்கும் கடைகளில் இன்னும் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கக்கூடும். எங்காவது கண்ணில் பட்டால், உறையில் கீறல் இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.